ஒரே கதவுக்கு இரண்டு அங்கத்தவர்கள்

காலையில் உங்களுக்குப் பயிற்சி தந்த பிள்ளை ஒரு பெயரைக் கணினியில் தட்டிக் காட்டினார். எதிர்த்தரப்பும் நம்முடைய சட்ட உதவித் திட்டத்தின் அங்கத்தவராக இருந்தால் திரையில் உடனே சிவப்பு எழுத்து வந்துவிடுகிறது. பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்தில் அந்தச் சிவப்பு எழுத்து என் அடிவயிற்றில்தான் வந்தது.

அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கதையில் வருகிற மனிதர் ஓய்வுபெற்ற பிறகு ஒரு கலியாண வீட்டில் என்னைக் கண்டு, "புதிசா வேலைக்கு வாறவைக்குச் சொல்லும், தங்கச்சி. எனக்கு இப்ப அதில வெக்கமில்லை" என்று தானாகவே சொன்னார். அப்படிச் சொல்லியிராவிட்டால் இன்றைக்கும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். நான் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கினாலும் அங்கத்தவரின் இரகசியம் இரகசியம்தான்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நம்மவர்கள் ரொறொன்ரோவுக்குக் கூட்டமாக வரத் தொடங்கியதை உங்கள் பெற்றோரிடம் கேட்டிருப்பீர்கள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்குள் இரண்டு குடும்பம், சில வீடுகளில் மூன்று. ஆண்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், பெண்கள் வங்கி, கம்பனிக் கந்தோர்களைத் துப்புரவு செய்தார்கள். கொண்டுவந்து நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். வாடகை ஒப்பந்தம், கார் விபத்து, சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளி என்று ஆளுக்கொரு சிக்கல் இருந்தது. ஒரு வழக்கறிஞரிடம் போய்க் கேட்க மொழியும் இல்லை, வசதியும் இல்லை.

பார்லிமென்ற் தெருவில், ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில், கனடாக்காரப் பெண் வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், உரத்த குரல், யாருக்கும் பயமில்லை. அவருடைய யோசனைதான் இந்தத் திட்டம். மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். தேவை வரும்போது தொலைபேசி எடுக்கலாம், தாளைக் கொண்டுவந்து வாசிப்பிக்கலாம், ஒரு கடிதம் எழுதுவிக்கலாம். அகதி விண்ணப்பங்கள் இதில் சேராது. அன்றாடச் சிக்கல்கள் மட்டும். மட்டக்களப்பில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்துவிட்டு வந்த என்னை முன்மேசையில் இருத்தினார். அங்கத்தவர் சேர்ப்பது, தொலைபேசி எடுப்பது, மொழிபெயர்ப்பது எல்லாம் நான்.

ஆட்களைச் சேர்ப்பது இலேசான காரியமாக இருக்கவில்லை. "எங்கட பரம்பரையில ஒருத்தரும் கோட்டுப் படி மிதிச்சதில்லை. எனக்கேன் மாதாமாதம் காசு கட்டி அப்புக்காத்து?" என்று ஒரு பெரியவர் கதவை அறைந்து சாத்தினார். இன்னொருவர் சீட்டுப் பிடிக்கிறேன் என்றே நினைத்துவிட்டார். "வருசம் முடியுமட்டும் ஒரு வழக்கும் வரேல்லையெண்டா கட்டின காசைத் திருப்பித் தருவியளோ?" என்று கேட்டார். ஆனாலும் ஒருவருக்கு உதவினால் அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உறவுக்காரர், ஒரே ஊர்க்காரர், ஒரே சமையலறையில் வேலை செய்பவர், ஒரே வீட்டில் இருப்பவர். எங்கள் திட்டம் வளர்ந்தது அப்படித்தான். அதில் இருந்த கண்ணியை நான் அப்போது காணவில்லை. வழக்கறிஞர் மட்டும் ஒரு நாள், "இவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு நாளைக்கு இவர்களுக்குள்ளேயே சண்டை வரும், பார்" என்றார்.

வந்தது. ஒரு மாரிகாலத்து வியாழக்கிழமை.

மதியம் தொலைபேசி அடித்தது. கனகரத்தினம் அண்ணை. கனகண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். யொங் தெருவில் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில் வேலை. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர், சந்தாவை ஒரு நாளும் பிந்திக் கட்டியதில்லை. பின்னால் தட்டுகள் மோதுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி, லோயர் அம்மா நிக்கிறாவோ?"

"இல்லையண்ணை, கோட்டுக்குப் போயிட்டா. என்ன விசயம்?"

"என்ர வீட்டில ஒரு அறையில குடும்பமொண்டு இருக்கு. மாதக் கடைசிக்குள்ள அறையை விட்டு எழும்பச் சொன்னனான். எழும்பேல்லை. நாளைக்கு அவை வேலைக்குப் போன பிறகு நான் பூட்டை மாத்தப் போறன். சாமான்களை வெளியில வைச்சுவிட்டா எடுத்துக்கொண்டு போவினம்தானே. பிறகு பிரச்சினை வந்தால் லோயர் அம்மா ஒரு கடிதம் தருவாவோ எண்டு கேட்டுச் சொல்லும்."

நான் வாயெடுக்க முன்னம் யாரோ அவரை அதட்டிக் கூப்பிட்டார்கள். தொலைபேசி வைபட்டுவிட்டது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் யாரோ எவரோ என்று நினைத்தபடி, வழக்கறிஞர் வந்ததும் சொல்வதற்காகக் குறித்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் படியேறி வந்தாள். ரஞ்சினி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது. கோடை காலத்தில் கோயில் பூசையன்று நானே அவளையும் அவளுடைய கணவன் தேவனையும் திட்டத்தில் சேர்த்திருந்தேன். வங்கி ஒன்றில் துப்புரவு வேலை. காலணியில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டாமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நாங்கள் இருக்கிற வீட்டுக்கார அண்ணை எங்களை எழும்பட்டாம். ரெண்டு சின்னப் பிள்ளையளோட ஒருத்தரும் அறை தரமாட்டினமாம். எங்களை வெளியில போட அவருக்கு ஏலுமோ அக்கா?"

"எந்த வீடு?" என்று கேட்டேன்.

கட்டடத்தைச் சொன்னாள். பன்னிரண்டாம் மாடி என்றாள். "கனகண்ணை எண்டு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

அப்போதுதான் என் அடிவயிற்றில் அந்தச் சிவப்பு எழுத்து விழுந்தது.

அவளுடைய பிள்ளைகளின் உடுப்பு நாளைக்கு நடைபாதையில் கிடக்கப்போகிறது என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. 'நாளைக்கு வேலைக்குப் போகாதை' என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அது என்னுடைய சொத்தல்ல. எங்களை நம்பி இன்னொரு அங்கத்தவர் சொன்னது. ஒரு முறை அதை எடுத்து மற்றவரிடம் கொடுத்தால், அந்த மேசைக்கு முன்னால் வந்து யாரும் பிறகு உண்மை பேச மாட்டார்கள்.

"ரஞ்சினி, இந்த விசயத்தில எங்களால உதவ ஏலாது" என்றேன்.

"ஏன் அக்கா? சந்தா கட்டியிருக்கிறமே."

"கட்டியிருக்கிறியள். ஆனா இதில மட்டும் ஏலாது. ஏனெண்டு நான் சொல்லக்கூடாது. இலவசமாப் பார்க்கிற சட்ட நிலையமொண்டு கிட்ட இருக்கு. இப்பவே நான் எடுத்துக் கதைக்கிறன்."

அவள் முன்னாலேயே தொலைபேசி எடுத்துக் கதைத்தேன். அடுத்த கிழமைதான் இடம் இருக்கிறது என்றார்கள். ரஞ்சினி முகவரி எழுதிய துண்டை வாங்கி மடித்தாள்.

"தேவைப்படேக்க உதவாததுக்கு என்ன திட்டம் அக்கா இது?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் வழக்கறிஞர் வந்ததும் கோட்டைக் கழற்றவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். கடைசியில் நான், "நீங்கள் அனுமதித்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

"அனுமதிக்க மாட்டேன்."

"குழந்தைகள் பனியில் நிற்பார்கள்."

"நிற்க விடமாட்டேன்." கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார். "யோசித்துப் பார். அந்த வாடகை வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. கட்டட நிர்வாகத்துக்குச் சொல்லாமல் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார். பூட்டை மாற்றினால் அந்தக் குடும்பம் நடைபாதையில் அழும், யாராவது பொலிசைக் கூப்பிடுவார்கள், நிர்வாகம் வரும். அதற்குப் பிறகு முதலில் வெளியே போகிறவர் யார்?"

"கனகண்ணை."

"அவர் நம்முடைய அங்கத்தவர். தன் காலிலேயே கோடரியைப் போடப் போகிறார். அவர் கேட்டது கடிதம். அவருக்குத் தேவை ஆலோசனை. அதை அவருக்கு ஒழுங்காகச் சொன்னால் அந்தப் பிள்ளைகளும் தப்புவார்கள். யாருடைய இரகசியத்தையும் உடைக்கத் தேவையில்லை."

வாயை மூடிக்கொண்டு கையைக் கட்டி இருப்பதுதான் இரகசியம் காப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். இரகசியத்தைச் சொன்னவருக்கே வேலை செய்யலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

ஆனால் அவரை எப்படிப் பிடிப்பது? வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி இரண்டு குடும்பத்துக்கும் பொது. ரஞ்சினியோ தேவனோ எடுத்தால், வழக்கறிஞர் அலுவலகம் கனகண்ணையைத் தேடுகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உணவகத்துக்கு எடுத்தோம். வேலை முடித்துப் போய்விட்டார் என்றார்கள்.

"நாளைக் காலையில் நேரில் போய்ப் பிடி" என்றார் வழக்கறிஞர். "நான் எங்கும் போகாமல் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். நீயாக ஒன்றும் சொல்லாதே. அவரை எனக்குத் தொலைபேசி எடுக்க வை, அது போதும்."

"பிடிக்க முடியாவிட்டால்?"

"அதைப் பிடிக்க முடியாதபோது கேள்."

வெள்ளி காலை உணவகத்தின் பின்கதவில் போய்த் தட்டினேன். கனகண்ணை அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. வீட்டு அலுவல் என்று விடுமுறை எடுத்திருக்கிறாராம். வேலையை விட்டு ஒரு நாளும் நிற்காத மனிதர். சுரங்க ரயில் வரும்வரை பொறுமையில்லாமல் மேடையில் நடந்தேன். கட்டடத்துக்குப் போனால், இரண்டு லிஃப்டில் ஒன்று பழுது, மற்றதற்கு முன்னால் சலவைக் கூடைகளோடு ஒரு வரிசை. படியிலேயே ஏறினேன். மாரிக் கோட்டோடும் பூட்ஸோடும் பன்னிரண்டு மாடி ஏறிப் பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும்.

பன்னிரண்டாம் மாடி நடைகூடத்தின் கோடியில் கனகண்ணை கதவுக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். கையில் ஸ்குரூ ட்ரைவர். பழைய பூட்டு கழன்று, கதவில் ஒரு வட்ட ஓட்டை. பக்கத்தில் புதுப் பூட்டு, பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

"அண்ணை!" என்றேன். அதற்கு மேல் சொல்ல மூச்சு இல்லை.

திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன தங்கச்சி, ஓடி வந்தனீரோ? கடிதம் கொண்டு வந்தனீரோ?"

"லோயர் அம்மா உங்களோட கதைக்க வேணுமாம். இப்பவே."

"உந்தப் பூட்டை முடிச்சிட்டு எடுக்கிறன்."

"இல்லையண்ணை. உதுக்கு முதல். உங்கட நன்மைக்குத்தான் கூப்பிடுறா."

அவர் என்னையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். நானும் போனேன். வரவேற்பறையில் கட்டியிருந்த கயிற்றில் சின்னச் சின்னக் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தொலைபேசி எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே வழக்கறிஞர் எடுத்துவிட்டார்.

ஒரே ரிசீவரை எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வழக்கறிஞர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். பூட்டை மாற்றினால் யார் யார் வருவார்கள், யாருடைய பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறது, யார் வீட்டை இழப்பார் எல்லாம் சொன்னேன். அவர் இனிப்புத் தடவாமல் சொன்னார், நானும் தடவவில்லை. நடுவில் கனகண்ணை என்னைப் பார்த்து, "நீர் என்ன சொல்லுறீர், தங்கச்சி?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. அவ சொல்லுறதைத்தான் சொல்லுறன்" என்றேன்.

கடைசியில் வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்டார். "அந்த அறை உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவை?"

கனகண்ணை சோபாவின் கையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"என்ர மனிசியும் பிள்ளையளும் வருகினம்" என்றார். "விசா கிடைச்சிட்டுது. ரெண்டு கிழமையில வந்திறங்கீடுவினம். போன வருசமும் கிடைச்ச மாதிரி இருந்தது. எல்லாருக்கும் சொன்னன். பிறகு கொழும்பில வைச்சு எல்லாம் குழம்பிப் போச்சு. ஆரோ கண்ணூறு போட்டிட்டினம் எண்டு மனிசி எழுதினவ. இந்த முறை வந்து இறங்குமட்டும் வாய் திறக்க மாட்டன் எண்டு பிள்ளையாருக்கு நேர்ந்து வைச்சனான். அதுதான் அவைக்கும் காரணம் சொல்லேல்லை. அறை வேணும் எண்டு மட்டும் சொன்னன்."

மொழிபெயர்த்தேன். மறுமுனையில் வழக்கறிஞரின் குரல் தணிந்து வந்தது.

"குடும்பம் விமான நிலையத்தில் இறங்கும்போது கூட்டிக்கொண்டு போக இவருக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். இன்றைக்கு இதைச் செய்தால் இருக்காது. அவர்களிடம் காரணத்தைச் சொல்லச் சொல். அதற்குச் சட்டம் தேவையில்லை."

கனகண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவடிக்குப் போனார். பழைய பூட்டை எடுத்து ஓட்டைக்குள் வைத்துத் திருகத் தொடங்கினார். அவர் திருக, நான் பூட்டைப் பிடித்துக்கொண்டேன். புதுப் பூட்டை என் காலால் தள்ளி தரையில் கிடந்த அவருடைய கோட்டுக்குக் கீழே மறைத்தேன்.

அப்போது லிஃப்ட் திறந்தது. ரஞ்சினி வந்தாள், காய்ச்சலில் சோர்ந்துபோன இளைய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். கதவைப் பார்த்தாள், அண்ணையைப் பார்த்தாள், நேற்று அவளைத் திருப்பி அனுப்பிய என்னைப் பார்த்தாள்.

நான் என்ன சொன்னாலும் பிழையாகிவிடும். கனகண்ணைதான் எழுந்தார்.

"பூட்டு இறுகிப் போச்சு, பிள்ளை. பாத்தனான். இவ எங்கட அவளின்ர விசயமா வந்தவ."

"எந்த அவள், அண்ணை?"

"என்ர மனிசி. பிள்ளையளும். ரெண்டு கிழமையில வருகினம்."

ரஞ்சினி தோளில் இருந்த பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"ஐயோ அண்ணை, இதை முதலே சொல்லியிருக்கலாமே! நீங்கள் எங்களில ஏதோ கோவமெண்டு நான் எத்தினை நாள் அழுதனான். அவை வந்தா நீங்கள் அறையை எடுங்கோ. வேற இடம் கிடைக்குமட்டும் நாங்கள் ஹோலில படுப்பம். என்ன, பிள்ளையள் கொஞ்சம் சத்தம் போடுவினம்."

"என்ர பிள்ளையளும் போடுவினம்" என்றார் கனகண்ணை. பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "சரியாக் கொதிக்குது. உள்ள கொண்டுபோம்" என்றார்.

நான் லிஃப்டில் இறங்கினேன். கீழே வந்ததும் வரவேற்பில் இருந்த நீட்டு மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். பொதுத் தொலைபேசியில் வழக்கறிஞரைக் கூப்பிட்டு, "பழைய பூட்டு திரும்பப் போட்டாயிற்று" என்றேன். "நல்லது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் காலையிலிருந்து ஒரு தேநீர்கூடக் குடிக்கவில்லை" என்றார்.

அந்தக் கிழமையே அவர் வேறு ஒரு வழக்கறிஞரோடு கதைத்து ஒழுங்கு செய்தார். இரண்டு பக்கமும் நம் அங்கத்தவராக இருந்தால், பிந்தி வந்தவர் அங்கே போகலாம், அவருக்கு மேலதிகச் செலவில்லாமல். நீங்கள் இன்றைக்கு 'மாற்று ஏற்பாடு' என்று படித்தது அப்படிப் பிறந்ததுதான். திரை உங்களுக்குச் சிவப்பு எழுத்தைக் காட்டும். காட்டிய பிறகு மேசைக்கு முன்னால் நிற்கிற மனிசியின் முகத்தைப் பார்த்துக் கதைக்கப்போவது நீங்கள்தான். உதவ முடியாது என்று சொல்லும்போது, உதவக்கூடிய இடத்துக்கு அவள் முன்னாலேயே எடுத்துக் கதையுங்கள். பிறகு, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகாமல், யாருடைய இரகசியம் உங்கள் கையில் இருக்கிறதோ அவருக்கு இன்னும் என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

சொன்னபடியே கனகண்ணையின் குடும்பம் வந்து இறங்கியது. தேவன் இரவல் வான் வண்டியொன்று பிடித்து அவரோடு விமான நிலையத்துக்குப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கறிஞரையும் என்னையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அந்தச் சின்ன வீட்டுக்குள் இரண்டு குடும்பமும் நாங்களும். பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். கனகண்ணையின் மனைவி, ஊர்க் களை மாறாத முகத்தோடு, கணவர் இருக்கிற பக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சினிதான் சமைத்திருந்தாள். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி.

எனக்குப் பரிமாறும்போது ரஞ்சினி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கட திட்டம் எங்களுக்கு ஒரு உதவியும் செய்யேல்லை. ஆனா கனகண்ணை மாதிரி ஒரு வீட்டுக்காரர் இருக்கேக்க எங்களுக்கு எதுக்கு லோயர்?"

கனகண்ணை தட்டில் இருந்த புட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய காது சிவந்துவிட்டது.

வழக்கறிஞர் என் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

மொழிபெயர்த்தேன். அவர் நிமிர்ந்து கனகண்ணையை ஒரு முறை பார்த்தார். பிறகு ரஞ்சினியைப் பார்த்துச் சிரித்தார்.

"உண்மைதான் என்று சொல்" என்றார்.

சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.